மூன்றாவது பேட்சில் கையெழுத்துப் போடாதே

மகனுக்கு,

ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தரும்படி நீ அனுப்பிய எட்டு வரிப் பதிலை மூன்று நாளாகத் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. உன் பெரியம்மா மகன் அனுப்பிய நான்கு பேட்சுகளையும், அதாவது நிரல் திருத்தங்களையும், படித்தேன், சரியாக இருக்கின்றன, ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கீழே உன் பெயரை வைத்திருக்கிறாய். உன் கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கிறது. அதற்குள் இந்த விவகாரத்தை முடித்துவிடு என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். அவனை மன்னித்துவிடு என்று அம்மா சொல்கிறாள். நம் சபையின் சேகரகுருவும் அதையே சொல்கிறார். நாசரேத்திலிருந்து பெரியம்மா வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்து அதையே சொல்கிறாள். நான் ஒருவன்தான் மன்னிக்காதே என்று சொல்கிறேன். அந்தப் பதிலை அனுப்பாதே. முக்கியமாக, மூன்றாவது பேட்சில் கையெழுத்துப் போடாதே.

போனில் சொன்னால் “போட்டும்ப்பா” என்று பேச்சை மாற்றிவிடுவாய். மின்னஞ்சலில் அனுப்பினால் பாதியில் மூடிவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதி, வேண்டிய தாள்களையும் சேர்த்து பெங்களூருக்குக் கூரியரில் அனுப்புகிறேன். இதை ஒளித்து வைக்க வேண்டாம். நீ கட்டப்போகும் ஜெனியிடம் ஒரு நகல் கொடுக்கப் போகிறேன், கேட்கிற மற்றவர்களுக்கும் கொடுப்பேன். வெளியாட்களும் படிக்கலாம் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் வரிசையாகவே எழுதுகிறேன். அவன் பெயரை மட்டும் எழுதமாட்டேன். உன் பெயரை அதற்குரிய இடத்திலிருந்து எடுத்தவனுடைய பெயர் என் கையால் எழுதப்படக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். சின்னத்தனம்தான். இருக்கட்டும்.

உன் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு நான் துறைமுகத்தை வைத்துத்தான் விளக்குவேன். வெளிநாட்டிலிருந்து வருகிற கப்பலின் கேப்டனுக்குத் தன் கப்பலைப் பற்றி எல்லாம் தெரியும். நம் துறைமுக வாயிலில் எங்கே ஆழம் குறைவு, எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது தெரியாது. இங்கிருந்து பைலட் ஒருவர் படகில் போய், கயிற்றேணியில் ஏறி, அவர் பக்கத்தில் நின்று வழி சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் கெர்னல் என்பது அந்தக் கேப்டன். உள்ளங்கையில் அடங்குகிற அந்தச் சின்னப் பலகைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒவ்வொரு சில்லுக்கும் அதன் குணம் தெரிந்த ஒரு பைலட் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். அப்படி ஒரு டிரைவரைத்தான் நீ எழுதினாய். பெங்களூரில் சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை வேறு. சனி ஞாயிறுகளில் சம்பளம் இல்லாமல் இத்தனை வருடமாக அந்த டிரைவரைப் பராமரித்துக்கொண்டிருக்கிறாய். கெர்னல் மாற மாற அதுவும் மாற வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும் என்று நீ எனக்குச் சொல்லித் தந்தாய்.

படிப்பு முடித்து நீ வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில்தான் அது நடந்தது. பெரியம்மா மகன் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பெட்டி செய்யப்போவதாகச் சொல்லிக் கம்பெனி தொடங்கியிருந்தான். படகு இருக்கும் இடத்தைப் பெட்டி காட்டும். ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் கரைக்குச் செய்தி போகும். உள்ளே அந்தப் பலகைக் கம்ப்யூட்டர்தான். கரையில் எல்லாம் ஒழுங்காக ஓடிய பெட்டி, புன்னைக்காயல் மீனவர் சூசை அண்ணனின் வள்ளத்தில் வைத்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டது. உப்புக்காற்றுதான் காரணம் என்றான் பெரியம்மா மகன். நீ பன்னிரண்டு நாள் அந்த வள்ளத்திலேயே கிடந்தாய். ஒருநாள் நான் உனக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது சூசை அண்ணன் என்னிடம் சொன்னார்: “ரிப்போட்டர் ஐயா, ஒங்க பையன் பெட்டிக்கு எஞ்சின் சத்தம்னா பயம் போலுக்கு. கடல் பாக்காத மாப்பிளய வள்ளத்துல ஏத்துன கணக்கா முழிச்சிக்கிட்டு நிக்கு.”

பதின்மூன்றாம் நாள் நீ காரணத்தைக் கண்டுபிடித்தாய். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற நொடியில் பேட்டரியின் அழுத்தம் இறங்குகிறது. இடம் காட்டும் சில்லு பேசிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டு, கம்பியையும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. அது பேசி முடிக்கட்டும் என்று கெர்னல் காத்துக்கொண்டே இருக்கிறது. “பாதி வார்த்தையில ஒறங்கிட்டான்ப்பா. பக்கத்துக் கம்பிய ஒம்பது தட்டு தட்டுனா மீதியச் சொல்லி முடிச்சிட்டு விட்டுருவான்” என்று எனக்கு விளங்கும்படி சொன்னாய். அந்த ஒன்பது தட்டுக்கு நீ எழுதியது பதினைந்து வரி. மறுநாள் சூசை அண்ணன் வேண்டுமென்றே இருபது தடவை எஞ்சினை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தார். பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கெர்னலில் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றால் அதைக் கடிதமாக எழுதி, எல்லோரும் படிக்கிற அஞ்சல் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். இந்த வரியை எடு, இந்த வரியைச் சேர் என்கிற அந்தக் கடிதம்தான் பேட்ச். எழுதியவன் பெயர் மேலே இருக்கும். இது என் உழைப்பு, இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று அவன் கீழே கையொப்பமும் வைக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர் யாரும் எழுந்து சொல்லலாம். நம் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பது மாதிரிதான். அன்றைக்கு உன் டிரைவரை அவன் அனுப்பியபோது மேலேயும் கீழேயும் அவன் பெயரையே வைத்தான். கம்பெனி பெயரில் போனால்தான் மதிப்பு என்று உன்னிடம் சொல்லியிருக்கிறான். நீ எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. “உள்ள போயிட்டுல்லா, அது போதும்ப்பா” என்றாய். உலகம் முழுக்க அந்தப் பலகை ஓடுகிற இடத்தில் எல்லாம் உன் பதினைந்து வரிக்கு மேல் இன்றைக்கும் அவன் பெயர் இருக்கிறது.

இதில் என் தவறும் உண்டு. உன் தவற்றைவிட அது பெரியது. அந்தப் பெட்டியின் அறிமுக விழாவுக்கு எங்கள் பத்திரிகையிலிருந்து போனவன் நான். மேடையில் அவன் ஒருவனே நின்றான். படகில் பன்னிரண்டு நாள் கிடந்து அதை ஓட வைத்தவன் யார் என்று அந்த மண்டபத்தில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. செய்தியில் அதை எழுதவில்லை. சொந்தக்காரர் பெயரைச் செய்தியில் எழுதக்கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் வைத்திருந்த வழக்கம். உன் சித்தப்பா ஊராட்சித் தலைவரானபோதுகூட வேறு நிருபரை அனுப்பச் சொன்னவன். அந்த வழக்கத்தை நேர்மை என்று நினைத்துக்கொண்டு, பெட்டியையும் அதற்கான டிரைவரையும் உருவாக்கியவர் என்று அவன் பெயரை என் கையால் எழுதினேன். உன் பெயரை எழுதக்கூடாதென்றால் அந்த வாக்கியத்தையே எழுதாமல் விட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் பொய்யான ஒரு வாக்கியத்தை எழுதினேன். போன மாதம் படகு உரிமையாளர் சங்கத்துக்கு அவன் அனுப்பிய கடிதத்துடன் என் செய்தியின் நகலை இணைத்திருக்கிறான். இந்தத் துறையில் கம்பெனிக்கு உள்ள அனுபவத்துக்குச் சான்றாம்.

பிறகு அவன் கெர்னல் பக்கமே வரவில்லை. நீதான் வருடா வருடம் அந்த டிரைவரைச் செப்பனிட்டாய். அதைக் கவனித்த மேலே உள்ளவர்கள், நீ கேட்காமலே, இதன் பராமரிப்பாளர் இவர் என்று உன் பெயரைப் பதிந்தார்கள். அதற்குப் பிறகு அந்த டிரைவரில் யார் எதை மாற்றினாலும் உன் கையெழுத்து இல்லாமல் உள்ளே போகாது. இதை அப்போது அவன் கவனிக்கவில்லை. அவன் கவனித்தது வேறு. ஏதோ ஒரு கண்காட்சியில் பெட்டியை ஆன் செய்தபோது விளக்கு எரிய இரண்டு மூன்று விநாடி கூடுதலாக ஆகியிருக்கிறது. வந்தவர்கள் முன்னால் அது அசிங்கமாக இருந்ததாம். அந்தத் தாமதத்தைக் குறைக்க, தன் பெட்டிக்கென்று வைத்திருந்த கெர்னல் நகலில் அந்த ஒன்பது தட்டு எடுக்கப்பட்டது. பெட்டி சீக்கிரம் விழித்துக்கொண்டது. அந்த நகல்தான் நம் கரையில் படகு படகாகப் போனது.

சூசை அண்ணனும் அவர் மச்சானும் போன மாதம் கடலுக்குப் போனபோது எஞ்சின் நின்றுபோய், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள். எஞ்சின் எழவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கினார்கள். பெட்டி அதற்கு முன்பே நின்றிருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் மிதந்து, மறுநாள் மத்தியானம் வேறொரு வள்ளம் கண்டு இழுத்துவந்தது. அவர்களைக் காணவில்லை என்று கேட்டு நான் புன்னைக்காயலுக்குப் போயிருந்தபோது அவர் மனைவி கோயிலில் முழங்காலில் இருந்தாள். எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த வாரமே அவன் கம்பெனியிலிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. பழுது பெட்டியில் இல்லை, கெர்னலில் உள்ள டிரைவரில். அதைப் பராமரிப்பவர் இன்னார் என்று உன் முழுப்பெயர். நன்றாக ஓடிய வரைக்கும் அது அவன் டிரைவர். ஆளை மிதக்க விட்டதும் உன் டிரைவர்.

மீன் மார்க்கெட்டில் அம்மாவிடம் வழக்கமாக மீன் கொடுக்கிற பெண் கேட்டிருக்கிறாள்: “டீச்சரம்மா, ஒங்க பையன் எழுதுன எதாலயோதான் சூசை மெதந்தானாம்லா? சங்கத்துல பேசிக்கிடுதாங்க.” இருபத்தெட்டு வருடம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தாள். அப்படி வந்தவள்தான் மன்னிக்கச் சொல்கிறாள்.

இப்போது அவன் புதுப் பெட்டி செய்கிறான். அதை வாங்குகிறவர்கள், இந்தப் பலகை அதிகாரப்பூர்வ கெர்னலிலேயே ஓட வேண்டும், கம்பெனியின் சொந்த நகலில் அல்ல என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் நான்கு பேட்சுகளுடன் உன் வாசலுக்கு வந்திருக்கிறான். ஒன்று, இரண்டு, நான்கு பற்றி எனக்குக் கருத்தில்லை. மூன்றாவது என்ன சொல்கிறது? மின்னழுத்தம் இறங்கும்போது டிரைவர் கம்பியை விடுவிக்கத் தவறியதால் கடலில் படகுகள் பாதிக்கப்பட்டன, அந்தக் குறை இதனால் சரிசெய்யப்படுகிறது என்கிறது. கீழே உன் ஒன்பது தட்டையே இன்னோர் இடத்தில் மறுபடி எழுதியிருக்கிறான். உன் டிரைவரில் அந்தக் குறை என்றைக்குமே இருந்ததில்லை. நீ போனில் சிரித்தாய்: “ஒம்பது தட்டு பதினெட்டு தட்டாவும், அவ்வளவுதானப்பா. கெடுதல் ஒண்ணுமில்ல.” கம்ப்யூட்டருக்குக் கெடுதல் இல்லைதான். ஆனால் அதன் கீழ் நீ கையெழுத்து வைத்தால், சூசை அண்ணன் மிதந்தது என் பிழையால்தான் என்று நீயே எழுதிக்கொடுத்ததாகிவிடும். அந்தப் பட்டியலில் போனது அழியாது என்று சொன்னவனே நீதான். உன் பிள்ளை ஒருநாள் தேடிப் பார்த்தாலும் அதுதான் கிடைக்கும்.

போன ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்த பிறகு ஜெனி சாத்தான்குளத்திலிருந்து அவள் அப்பாவோடு வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிடும்போது இந்தப் பேச்சு வந்தது. “கல்யாண வீட்டுல பக வச்சிக்கிடக் கூடாது. அவன் எங்க அக்கா மவன், யாரோ இல்ல” என்றாள் அம்மா. ஜெனிதான் சொன்னாள்: “பக எதுக்கு அத்த? அவங்களுக்கு முதப் பந்தியிலேயே எல போடுங்க. எல்லாரும் பாக்க நடுவுல உக்கார வைங்க. பிரியாணிய மட்டும் பக்கத்து எலையோட நிறுத்திருங்க.” அவள் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரித்துவிட்டாள். உனக்கு வாய்த்தவள் நம் வீட்டுக்குப் பொருத்தமானவள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறுதியானது.

பழி வாங்குவதைப் பற்றி நான் கற்றதைச் சொல்கிறேன். நான் இளம் நிருபராகத் துறைமுகச் செய்தி பார்த்தபோது வேறொரு பத்திரிகையின் நிருபன் என் நோட்டைப் பார்த்து எழுதியே காலத்தை ஓட்டினான். மறுநாள் வரப்போகும் கப்பல்களின் பட்டியலை நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி எடுப்பேன். டீக்கடையில் நான் கை கழுவப் போகும் நேரத்தில் அவன் அதைப் பார்த்துக்கொள்வான். ஒருநாள் என் பட்டியலில் ஒரு செய்தி விட்டுப்போய், அவன் அதைக் கேலி செய்தான். அன்றைக்கு, வராத கப்பல் ஒன்றை வருவதாக என் நோட்டில் எழுதி வைத்தேன். எம்.வி. ஈஸ்டர்ன் லில்லி, சர்க்கரை மூட்டை ஏற்ற வருகிறது, காலை ஏழு மணி. என் பத்திரிகைக்குச் சரியான பட்டியலை அனுப்பினேன். லில்லி அவன் பத்திரிகையில் மட்டும் வந்தது.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மறுநாள் ஏழு மணிக்கே துறைமுக வாசலுக்குப் போய்விட்டேன். அங்கே நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். மூட்டை தூக்கும் கொக்கியோடு முத்தையாபுரத்திலிருந்தும் ஆறுமுகநேரியிலிருந்தும் வந்த அன்றாடக் கூலிகள். டீக்கடையில் அந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். “ஏலே, லில்லி எந்த பெர்த்துலடே நிக்கா?” “அவ இன்னும் சடங்கு சுத்தி முடியலையாம், மெள்ள வாரா” என்று தமாஷ் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குத் தமாஷ் நின்றுவிட்டது. என் வயதுள்ள ஒருவர் வந்து கேட்டார்: “இன்னைக்கு உப்பளத்துக்கு வரலன்னு சொல்லிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. கப்பல் சாயங்காலமாது வருமா?” தெரியவில்லையே என்றேன். முதல் பொய்யைவிட அந்த இரண்டாவது பொய்தான் இன்னும் என்னோடு இருக்கிறது. எதிரி அவமானப்பட்டான், அதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்கவில்லை. பழி வாங்கியது தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. பொய்யால் வாங்கினேன், சம்பந்தமில்லாதவர்களை வெயிலில் நிறுத்தினேன். அந்த இரண்டும்தான் தவறு.

ஆகவே இந்தத் தடவை முதலில் படகுகளைப் பார்த்தேன். நீ நான்கு நாள் லீவில் வந்து சூசை அண்ணன் பெட்டியைத் திறந்து, ஒன்பது தட்டு இல்லாததைக் கண்டுபிடித்து, சரியான கெர்னலை மெமரி கார்டுகளில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா? அவரும் நானும் படகு படகாகப் போய், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் கார்டை மாற்றிவிட்டோம். பதினோரு படகு. ஒவ்வொன்றிலும் எஞ்சினைப் பத்துத் தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினோம். செவ்வாய்க்கிழமை மத்தியானத்தோடு முடிந்தது. இனி நீ எவ்வளவு தாமதம் செய்தாலும் கடலில் இருப்பவன் எவனுக்கும் அதனால் நஷ்டமில்லை. அவனுக்கு மட்டும்தான் நஷ்டம்.

இனி அவனுக்கு நீ எழுத வேண்டிய பதில். கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். மூன்று கேள்வி மட்டும் கேள். இந்த டிரைவரில் இந்தக் குறை எந்த வரியில் இருக்கிறது? படகில் நின்ற பெட்டியில் ஓடியது எந்த கெர்னல்? முதலில் இந்தப் பதினைந்து வரியை எழுதியவர் யார்? பட்டியலில், எல்லோரும் பார்க்கக் கேள். அவன் போன் செய்தால் எடுக்காதே. பட்டியலில் எழுதுங்கள் அண்ணே என்று மட்டும் செய்தி அனுப்பு. மழுப்பினால் அதே மூன்றையும் திரும்பக் கேள். நான் அப்படி ஓர் அதிகாரியிடம் பதினான்கு மாதம் கேட்டிருக்கிறேன். உண்மையான கேள்வியைச் சலிக்காமல் கேட்கிறவனைப் போல ஒரு மனிதனை வேறு யாராலும் வாட்ட முடியாது. அதில் ஓர் இன்பம் உண்டு. அதை உனக்கு நான் சொல்லித் தந்ததே இல்லை.

பெட்டியில் ஓடிய கெர்னலைப் பற்றி நமக்குத் தெரிந்தது நமக்குள் தெரிந்ததுதான். அதற்குத் தாள் வேண்டும். கெர்னலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் வாங்கியவன் கேட்டால் மாற்றியதைக் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் அதன் உரிமத்தில் உள்ள நிபந்தனை என்று நீ சொன்னது நினைவிருந்தது. வாங்கியவர் சூசை அண்ணன். அவர் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் அதை இரண்டு தடவை படித்தார்.

“இதுல நாம என்னத்தய்யா கேக்கோம்?”

“பெட்டிக்குள்ள ஓடுதுல்லா, அதோட மூலநிரல்.”

“அத வாங்கி நான் கருவாடா போட?”

“நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். தந்தான்னா, அவன் எடுத்த வரி அங்கன இல்லாதது வெளிய தெரிஞ்சிரும்.”

“தரலன்னா?”

“உரிமத்த மீறுனான்னு ஆயிரும்.”

அவர் வலையைக் கீழே வைத்தார். “ரெண்டு பக்கமும் அடச்சிட்டீங்களே ஐயா. மீனு பாவம்.”

“பாவம் பாக்கியளா?”

“பாவம்னுதான் சொன்னேன். விட்டுருங்கன்னா சொன்னேன்?” என்று பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

என் பங்குக்கு நான் செய்ய வேண்டியதும் ஒன்று இருந்தது. பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், என் பழைய செய்திக்குத் திருத்தம் போடச் சொன்னேன். இப்போதுள்ள ஆசிரியர் என்னிடம் வேலை பழகியவர். “பழைய செய்திக்கு எதுக்கு சார்? நீங்க ரிட்டையர் ஆயாச்சு. ஒங்க பேருதான் கெடும்” என்றார். கெடட்டும் என்றேன். நேற்று ஐந்தாம் பக்கத்தில் வந்திருக்கிறது. நறுக்கு இத்துடன் உள்ளது. படகுப் பெட்டிக்கான டிரைவரை எழுதியவர் பெயர் அந்தச் செய்தியில் தவறாகக் குறிப்பிடப்பட்டது, அதை எழுதியவர் செய்தியாளரின் மகன், அதை அறிந்தே செய்தியாளர் மறைத்தார் என்று நான் எழுதிக் கொடுத்தபடியே போட்டிருக்கிறார்கள். நேற்றுக் காலையில் அம்மா அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாள். பிறகு, “அவன் பேரையும் போட்டிருக்கலாம்லா” என்றாள்.

இன்று காலை அவன் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு கையில் கல்யாணப் பத்திரிகை, மற்றொரு கையில் சூசை அண்ணனின் விண்ணப்பம். எழுந்து நின்று, “வாங்க சித்தப்பா” என்றான். நேற்றைய பேப்பர் அவன் மேசையில் ஐந்தாம் பக்கம் மேலே தெரியும்படி மடித்துக் கிடந்தது. முதலில் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தேன். குடும்பத்தோடு வா என்று முறையாகச் சொன்னேன். பிறகு விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்துக் கேட்டேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான்.

“சூசைக்கு இதெல்லாம் எதுக்கு சித்தப்பா?”

“வாங்குனவரு கேக்காரு.”

“தம்பியக் கூப்பிட்டு நான் ஒரு வார்த்த பேசிருதேன். கல்யாணத்துக்கு முன்ன எல்லாம் சரியாயிரும்.”

“பேசாத. எழுது. எல்லாரும் பாக்க எழுது.”

“எழுதுனா அந்தப் பதினஞ்சு வரிய எடுக்கச் சொன்னது நாந்தான்னு ஆயிரும்லா சித்தப்பா?”

நான் நோட்டைப் பிரித்து மணியைப் பார்த்தேன். பத்து இருபது. நேரத்தையும் இடத்தையும் எழுதிவிட்டு, நிமிர்ந்து அவனிடம் கேட்டேன்: “இப்பச் சொன்னத எழுதிக்கிடட்டுமா?”

“வேண்டாம் சித்தப்பா” என்றான்.

அதையும் சேர்த்து எழுதிக்கொண்டேன்.

அப்பா